நைனா பாயின் பார்பெல்

செங்கல்பட்டு பஜாரில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த நைனா முகம்மதுக்கு உலகத்தில் இரண்டே விஷயங்களில் கர்வம். ஒன்று, கடை வாசலில் இருந்த மேடைத் தராசு. அந்தத் தராசு பொய் சொல்லாது என்று கருங்குழி, படாளம் வரைக்கும் பேர். இரண்டாவது, கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இருந்த பார்பெல்.

தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்று இருந்த ஊருக்கு பார்பெல்லைக் கொண்டுவந்தவனே அவன்தான். பட்டணத்தில் மூர் மார்க்கெட் முழுக்க அலைந்து, வெள்ளைக்கார சோல்ஜர் எவனோ விட்டுப்போன அந்த ஏழடிக் கம்பியையும், அதன் இரண்டு பக்கமும் மாட்டுகிற வட்டத் தகடுகளையும் கண்டுபிடித்தான். ரயிலில் ஏற்றி, ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டியில் கொண்டுவந்து இறக்கியபோது பஜாரே கூடி வேடிக்கை பார்த்தது. "இன்னா பாய் இது, ரயில் சக்கரமா?" என்று கேட்டவர்களிடமெல்லாம் "பார்பெல்" என்று வாய் நிறையச் சொன்னான். ஊரில் யாருக்கும் அந்தச் சொல் தெரியாது. தெரியாததனாலேயே அவனுக்கு அது இனித்தது.

அந்தக் கொட்டகையில் கூடிய பளு தூக்கும் சங்கத்துச் செயலாளர் தர்மராஜுக்கு மட்டும் தெரிந்திருந்தது. அவர் ரயில்வே பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. பளு தூக்கும் விதிமுறைப் புத்தகம் ஒன்றை அட்டை போட்டு வைத்திருந்தார். "பெல்லுன்னா மணி. அந்தக் காலத்துல சீமையில நாக்க எடுத்துட்ட மணியத் தூக்கிப் பழகினாங்களாம். சத்தம் வராது, கனம் மட்டும் இருக்கும்" என்று அவர் விளக்கியதை நைனா பஜாரில் தன் சொந்த விளக்கமாகவே சொல்லிக்கொண்டு திரிந்தான். சங்கத்தில் எட்டுப் பேர். எட்டுப் பேரில் அதிகம் தூக்குகிறவன் நைனா. என்றைக்காவது பட்டணத்துப் போட்டிக்குப் போவேன், சங்கத்து பனியனைப் போட்டுக்கொண்டு மேடையில் நிற்பேன் என்று இரண்டு வருஷமாக டீக்கடைவரைக்கும் சொல்லி வைத்திருந்தான்.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, இருசப்பன் வருகிறவரை.

இருசப்பன் மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் கட்டுமரம் தள்ளுகிறவன். வாரத்துக்கு இரண்டு நாள் கருவாட்டு மூட்டையோடு பஸ் ஏறி செங்கல்பட்டுச் சந்தைக்கு வருவான். ஒரு நாள் பழைய சங்கிலி ஒன்று வாங்க நைனாவின் கடைக்கு வந்தான். கடையில் ஆளில்லை. பின்னால் சத்தம் கேட்கவே, பொறுக்கி எடுத்த சங்கிலியோடு கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தான். உள்ளே நைனா பார்பெல்லில் நூற்றைம்பது ராத்தல் மாட்டி, தலைக்கு மேல் ஏற்றப் பார்த்து, இரண்டு தரம் தோற்று, இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். சுற்றிலும் சங்கத்து ஆட்கள்.

இருசப்பன் என்ன நினைத்தானோ, யாரோ சாமானை இடம் மாற்ற முடியாமல் தவிக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டான் போலிருக்கிறது. சங்கிலியைக் கீழே போட்டான். குனிந்தான். கம்பியை மார்புக்கு இழுத்து, அங்கிருந்து தலைக்கு மேல் தூக்கி, முழங்கை மடங்காமல் நின்றபடி நைனாவைப் பார்த்துக் கேட்டான்:

"எங்க வெக்கணும், பாய்?"

கொட்டகையே சிரித்தது. தர்மராஜ் கை தட்டினார். நைனாவும் சிரித்தான். சிரித்த வாய்க்குக் கீழே அவனுக்கு வயிறு பற்றி எரிந்தது. பொறாமை என்றால் சாதாரணப் பொறாமை இல்லை. அன்று ராத்திரி பதருன்னிசா போட்ட சாதத்தைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தான். "ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்ட மனைவியிடம் எரிந்து விழுந்தான்.

தர்மராஜ் இருசப்பனைச் சங்கத்தில் சேர்த்துவிட்டார். அதற்கப்புறம் சந்தைக்கு வருகிற நாளெல்லாம் அவன் கொட்டகைக்கு வந்தான். கருவாட்டு வாடையோடு வருவான், லுங்கியை மடித்துக் கட்டுவான், முந்தின நாள் நைனா தூக்கியதைவிடப் பத்து ராத்தல் கூடத் தூக்குவான், முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விடுவான். முக்கல் இல்லை, முனகல் இல்லை. அதுதான் நைனாவால் தாங்க முடியாதது. இவன் விடியற்காலையில் எழுந்து, பாதாம் ஊறவைத்து, பச்சை முட்டை குடித்து, கண்ணாடி முன்னால் புஜத்தைப் பார்த்துப் பார்த்து வளர்த்த பலம். அவனுக்குக் கடல் சும்மா கொடுத்திருந்தது.

பலத்தைக்கூட விட்டுவிடலாம். அவன் அந்தச் சொல்லையும் எடுத்துக்கொண்டுவிட்டான். இரண்டு முனையிலும் பாரம் தொங்குகிற கம்பியைப் பார்த்து இருசப்பன் முதல் வாரமே "காவடி" என்றான். மீன் கூடையை அப்படித்தானே அவர்கள் சுமக்கிறார்கள். "காவடிய எறக்கு", "காவடில இன்னும் ரெண்டு தட்டு மாட்டு" என்று அவன் சொல்லச் சொல்ல, மாதம் இரண்டு போவதற்குள் சங்கத்தில் எல்லார் வாயிலும் காவடிதான். ஒரு நாள் தர்மராஜே, "நைனா, காவடிக்கு எண்ண போட்டியா?" என்று கேட்டார். நைனாவுக்குத் தன் பிள்ளைக்கு அடுத்த வீட்டுக்காரன் பேர் வைத்ததைப்போல இருந்தது.

"பார்பெல் சார்" என்றான் விறைப்பாக.

"அதான், அதான்" என்றார் அவர்.

வீட்டிலும் நிம்மதியில்லை. வருகிற போதெல்லாம் இருசப்பன் வஞ்சிரமோ கொடுவாவோ ஒரு துண்டு ஓலையில் சுற்றி எடுத்துவந்து வாசற்படியில் வைத்து, "தங்கச்சி, மீன் கீது" என்று குரல் கொடுத்துவிட்டுப் போவான். பதருன்னிசா குழம்பு வைத்தபடி, "அந்த இருசப்பண்ணன் கை ராசியான கை" என்பாள். மீன் தொண்டைக்குள் முள்ளாய்ப் போகும். என்ன செய்வது, ருசியாகவும் இருந்தது. சாப்பிட்டான். ஒரு வருஷம் மீன் சாப்பிட்டானே தவிர, ஒரு நாளாவது அவனை உள்ளே வந்து உட்கார் என்று சொன்னதில்லை.

ஐம்பத்தாறாம் வருஷம் சித்திரை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தர்மராஜ் ஒரு படிவத்தோடு கொட்டகைக்கு வந்தார். பட்டணத்தில் பெரிய போட்டி. எடை வகுப்புக்கு ஒருவர் வீதம் அனுப்பலாம். புத்தகத்தைப் பிரித்து வாசித்தார்.

"நூத்து முப்பத்திரண்டேகால் ராத்தல் வரைக்கும் ஒரு வகுப்பு. நைனா, இருசப்பன் ரெண்டு பேரும் இதுலதான் வரீங்க. ஒருத்தருக்குத்தான் எடம். அதுக்கு மேல ஏறினா அடுத்த வகுப்பு. அதுல நம்மகிட்ட ஆளே கெடையாது. ஞாயித்துக்கெழம மூணு மணிக்கு எடை பாக்கறேன், நாலு மணிக்குத் தூக்கிக் காட்டணும். ஜெயிச்சவங்க பேரை எழுதி அன்னிக்கே தபால்ல போட்டுருவேன்."

இருசப்பன் ஒரு மூலையில் குந்தி, காலில் குத்தியிருந்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். "எங்களுக்கு இன்னா சார் தெரியும் ராத்தல் கணக்கு?" என்று சிரித்தான்.

நைனாவுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து எடை போட்டே வளர்ந்தவன். அவன் உடம்பு நூற்று முப்பத்தொன்று. இருசப்பனும் அவ்வளவேதான், போன வாரம்தான் தராசில் ஏறி விளையாடினான். இரண்டு பேரும் ஒரே வகுப்பில் நின்றால் யார் பேர் எழுதப்படும் என்பது அந்தக் கொட்டகைத் தூணுக்குக்கூடத் தெரியும். ஆனால் இருசப்பன் உடம்பில் இரண்டு ராத்தல் ஏறிவிட்டால்? மேல் வகுப்புக்குத் தள்ளிவிடுவார்கள். அங்கே போகட்டும், பட்டணத்துத் தடியன்களிடம் மண்ணைக் கவ்வட்டும். இந்த வகுப்பு இவனுக்கு. இரண்டு ராத்தல் என்ன பெரிய எடை? ஒரு வேளைச் சோறு.

இப்படி ஒரு யோசனை தனக்கு வந்ததை நினைத்து நைனாவுக்கே சற்று வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கம் கால் நாழிகை இருந்தது. அப்புறம் இருசப்பனைத் தேடிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனான்.

"ஞாயித்துக்கெழம மத்தியானம் நம்ம வூட்ல சாப்பாடு. பிரியாணி. போட்டிக்குத் தெம்பு வேணும்ல. வந்துடு."

இருசப்பன் பஸ் படியில் ஒரு கால் வைத்தபடி நின்றுவிட்டான். "வூட்டுக்கா பாய்? நெசமாவா?"

"பின்ன கடையிலயா போடுவாங்க?"

"வரேன் பாய்" என்றான். முகம் அப்படி மலர்ந்தது. தீனி என்றதும் பல்லைக் காட்டுகிறான் பார் என்று நைனா மனசுக்குள் கறுவிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை பதருன்னிசா காலையிலிருந்தே அடுப்படியில் இருந்தாள். நைனாவின் திட்டம் சுத்தமானது. விருந்தாளிக்குத் தலைவாழை இலை; தனக்கு ஒரு தம்ளர் மோர்.

"எனக்குப் பசியில்ல. அவனுக்கு எலை போட்டு நல்லா வெய்யி. போதும் போதும்னுவான், வுடாதே."

பதருன்னிசா கரண்டியோடு திரும்பினாள். "நல்லாருக்கு நாயம்! ஒரு வருசமா மீன் கொண்டாந்து குடுத்த மனுசன். மொத மொதல்ல வூட்டுக்குள்ள வராரு. அவர எலையில தனியா ஒக்கார வெச்சிட்டு நீங்க மோர் குடிப்பீங்களா? நம்ம ஜனங்க கேட்டா காறித் துப்புவாங்க. சஹன்தான் வெப்பேன்."

சஹன் என்பது ஈயம் பூசிய பெரிய தாம்பாளம். விருந்தென்றால் அதில்தான் சோற்றைக் குவித்து நடுவில் வைப்பார்கள். சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கை போட்டுச் சாப்பிட வேண்டும். நைனா குடும்பத்தில் அதற்கொரு கட்டுப்பாடும் உண்டு. விருந்தாளி கையை எடுக்கும்வரை வீட்டுக்காரன் கை தட்டை விட்டு எழக்கூடாது. எழுந்தால், போதும் எழுந்திரு என்று விருந்தாளியைப் பிடித்துத் தள்ளிய மாதிரி. நைனாவின் அத்தா காய்ச்சலோடுகூட அப்படி உட்கார்ந்து சாப்பிட்டவர். தட்டு கூடத்துக்கு வந்துவிட்டது.

வெள்ளை வேட்டி கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து வந்திருந்த இருசப்பன் தாம்பாளத்தைப் பார்த்தான். நைனாவைப் பார்த்தான்.

"ஒரே தட்லயா பாய்? நானுமா?"

"ஒக்காருங்கண்ணே" என்றாள் பதருன்னிசா கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து. "எங்க வூட்டு வழக்கம் அதுதான்."

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நைனா விரல் நுனியால் நாலு பருக்கை எடுத்து வாயில் போட்டு, நெடுநேரம் மென்றான். அது எத்தனை நேரம் நடக்கும்? இருசப்பன் நல்ல கறித் துண்டாகப் பார்த்து இவன் பக்கம் தள்ளினான். "இது ஒனக்கு பாய்." விருந்தாளி தள்ளியதைத் தின்னாமல் விடுவதா? தின்றான். இன்னொரு துண்டு வந்தது. அதையும் தின்றான். குவியல் குறையக் குறையத் திரைக்குப் பின்னாலிருந்து பதருன்னிசா கைநீட்டிக் கொட்டினாள். வுடாதே என்று சொன்னவன் அவன்தானே. நைனா இருசப்பனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்: எடுப்பானா, இப்போது எடுப்பானா? இருசப்பனும் நடுநடுவே இவன் கையைப் பார்த்தான். பார்த்துவிட்டு இன்னொரு பிடி எடுத்தான். பகையாளிக்கு வெட்டிய பள்ளத்தில் இரண்டு பேரும் சேர்ந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். தாளிச்சா வந்தது. சர்க்கரைச் சோறு வந்தது. ஆளுக்கு இரண்டு சொம்பு தண்ணீர் போயிற்று.

கடைசியில் இருசப்பன்தான் கையை எடுத்தான். "முடியல பாய்" என்றான், ஏதோ தப்புச் செய்தவன்போல. நைனாவுக்கு எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

மூணு மணிக்கு எடை. நைனாவின் கடைத் தராசில்தான். ஞாயிற்றுக்கிழமையாதலால் பஜார் ஆட்கள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். முதலில் இருசப்பன் ஏறினான். தர்மராஜ் குண்டை நகர்த்தி நகர்த்தி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"நூத்து முப்பத்தஞ்சு! இன்னாப்பா, கல்லு முழுங்கினியா? நீ இந்த வகுப்புல இல்ல."

இருசப்பன் சிரித்தபடி இறங்கினான். நைனாவின் மனசு துள்ளியது. ஒரு கணம்தான். அவன் ஏறினான். குண்டு நகர்ந்தது, இன்னும் நகர்ந்தது.

"முப்பத்திநாலு" என்றார் தர்மராஜ்.

தராசு சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் எதிரே படாளத்து வியாபாரி நின்றுகொண்டிருந்தார். அவரிடம் முந்தாநாள்தான் இதே தராசின் மேல் அடித்துச் சத்தியம் பண்ணியிருந்தான். வாயை மூடிக்கொண்டு இறங்கினான்.

"அர மணி நேரம் டைம் குடுக்கறேன். கொறச்சிக் காட்டு" என்றார் தர்மராஜ், இரக்கப்பட்டு.

சித்திரை வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நைனா முகம்மது பஜார் தெருவில் ஓடியதைச் செங்கல்பட்டு ரொம்ப நாள் பேசியது. வயிற்றில் பிரியாணி ஒரு பக்கம் குலுங்க, சர்க்கரைச் சோறு இன்னொரு பக்கம் குலுங்க, ஏரிக்கரை வரைக்கும் போய்த் திரும்பினான். மறுபடி ஏறினான். நூற்று முப்பத்துமூன்று. தர்மராஜ் தலையை ஆட்டிவிட்டு வகுப்பில் மிச்சமிருந்த ஒரே ஆளைப் பார்த்தார். அது முனீர், நைனாவின் சின்னம்மா மகன், தையற்காரன். சும்மா தட்டு மாட்டிக் கழற்றிக் கொடுக்க வருகிறவன்.

"முனீர், நீதான் பட்டணத்துக்கு."

"நானா?" என்றான் முனீர், அழாத குறையாக. தொண்ணூறு ராத்தல் தூக்கிக் காட்டினான். படிவத்தில் அவன் பேர் ஏறியது. மூன்று வருஷமாக நைனா கனவு கண்ட இடம்.

மேல் வகுப்புக்கு இரண்டு பேர்: இருசப்பன், நைனா முகம்மது. யாரிடமிருந்து தப்பிக்க இத்தனை பாடுபட்டானோ அவனே எதிரில் நின்றான். முதல் இரண்டு தூக்கிலேயே இருசப்பன் இருபது ராத்தல் முன்னால் போய்விட்டான். கடைசித் தூக்கு, மார்புக்கு இழுத்துத் தலைக்கு மேல் ஏற்றுவது. இருசப்பன் நூற்றெண்பதைச் சுலபமாக ஏற்றி இறக்கினான்.

"எனக்கு எரநூத்தஞ்சு போடுங்க" என்றான் நைனா.

"பைத்தியமா நைனா? அத்தனை இங்க எவனும் தூக்கினதில்லியே."

"போடுங்க சார்!"

ஜெயிக்கிற எண்ணம்கூட இல்லை அவனுக்கு. அந்தச் சிரித்த முகத்துக்கு முன்னால் ஒரு தரம், ஒரே ஒரு தரம், அதிகம் தூக்கி நிற்க வேண்டும். இழுத்தான். கம்பி மார்புக்கு வந்தது, வந்ததே அதிசயம். முழங்கால் மடிந்தது. எழுந்திருக்க முடியவில்லை. கீழே போடவும் கை வரவில்லை. கண் இருண்டது. சாப்பிட்டதெல்லாம் தொண்டைக்கு ஏறியது.

"காவடியப் புடிடா, இருசப்பா!" என்று கத்தினான்.

சொல்லி முடிப்பதற்குள் இருசப்பன் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தான். நைனாவின் மார்பிலிருந்து அதை அப்படியே வாங்கிக்கொண்டு கேட்டான்: "எங்க வெக்கணும், பாய்?"

இந்தத் தரம் யாரும் சிரிக்கவில்லை.

தர்மராஜ் படிவத்தை எழுதி முடித்து, தபாலில் போடக் கிளம்பினார். கூட்டம் கலைந்தது. கொட்டகைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியருகே நைனா தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இருசப்பன் வந்து பக்கத்தில் குந்தினான். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது.

"பாய், ஒண்ணு கேக்கட்டா?"

நைனா துண்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டான்.

"வெள்ளிக்கெழம சாரு எடை வகுப்பு பத்திப் படிச்சாரே, அப்ப எனக்கு ஒண்ணும் புரியல. பஸ்ஸுல போயிகினு இருக்கச் சொல்லத்தான் புரிஞ்சிச்சி. நம்ம ரெண்டு பேரும் ஒரே வகுப்புல நின்னா ஒருத்தன்தான் போவலாம். எனக்குச் சோறு போட்டு எடைய ஏத்திட்டா நான் மேல போயிடுவேன், நீ கீழ நிப்பே, ரெண்டு பேரும் ஒரே ரயில்ல பட்டணம் போலாம். இன்னா மூள பாய் ஒனக்கு! எங்கிட்ட சொன்னா நான் கூச்சப்படுவேன்னு சொல்லாமலே கூப்ட்டே பாரு. எம் பொண்டாட்டிகிட்ட சொன்னேன், அது கண்ணுல தண்ணி வெச்சிகிச்சி."

நைனா துண்டை விலக்கி அவன் முகத்தைப் பார்த்தான். கேலி இருக்கிறதா என்று தேடினான். இல்லை. தேடத் தேட இல்லை.

"அதான் வவுறு வெடிக்கிற வரைக்கும் துன்னேன். ஆனா நீ ஏன் பாய் துன்ன?" என்றான் இருசப்பன், நிஜமான வருத்தத்தோடு. "நீ கைய எடுத்தா நானும் எடுத்துடலாம்னு பாத்துகினே இருந்தேன். நீ எடுக்கவே இல்லியே. கெட்டுப்போச்சே, பாய். நீ இல்லாம அந்த ஊருல நான் யாரோட போயி இன்னா பண்ணுவேன்?"

இல்லைடா, உன்னைக் கவிழ்க்கத்தான் சோறு போட்டேன் என்று சொல்லிவிட நைனா வாயைத் திறந்தான். தலையை மட்டும் ஆட்டினான். இருசப்பன் அதை ஆறுதலாக எடுத்துக்கொண்டு, அவன் தோளைத் தட்டிவிட்டு, "தங்கச்சிகிட்ட சொல்லு, சாப்பாடு அமிர்தம்னு" என்றபடி பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தான்.

நைனா அங்கேயே உட்கார்ந்திருந்தான். இத்தனை நாள் அவன் வயிறு எரிந்தது இருசப்பனைப் பார்த்து. இப்போது எரிந்தது வேறொருவனைப் பார்த்து. தன் இடத்தையும் விடாமல், சிநேகிதனையும் விட்டுக்கொடுக்காமல், இரண்டு பேரும் சேர்ந்து போகவேண்டும் என்று யோசித்து விருந்து வைத்த ஒரு நைனா முகம்மது இருசப்பன் மனசுக்குள் இருந்தான். அந்த நைனாவைப் பார்த்துத்தான் இவனுக்குப் பொறாமை தாங்கவில்லை.